புல்வெட்டி மிஷினுக்கு வைத்த பொட்டு

அன்புள்ள சுந்தரவல்லிக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா?

ஆயுத பூஜையன்று இந்த அடையாறு பங்களாவின் பெட்ரோல் புல்வெட்டி மிஷினைக் கழுவி, டேங்க் மூடி மேல் பெரிதாகச் சந்தனப் பொட்டு வைத்தேன். மறுநாள் ஸ்டார்ட் ஆனது, ஐந்தே நிமிடத்தில் நின்றுவிட்டது. ஸ்பார்க் பிளக்கைத் துடைத்தும் பலனில்லை.

ராயப்பேட்டையிலிருந்து மெக்கானிக் ஸ்வர்ணலதா வந்தார். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்றது.

"இன்னாண்ணா, மூடி ஓட்டைய சந்தனத்தால அடச்சி வச்சிக்கீற? அது வழியா காத்து உள்ள போனாத்தான பெட்ரோல் எறங்கும்!"

வளையலில் மாட்டியிருந்த ஊக்கால் ஓட்டையைக் குத்திவிட்டு, ஸ்டார்ட் கயிற்றை ஒரே இழுப்பு, மிஷின் ஓடியது. அரை ஏக்கரும் நிற்காமல் வெட்டினேன். என்ன மூளை அந்தம்மாவுக்கு!

நீ வைத்திருந்தால் பொட்டு அளவாக இருந்திருக்கும்.

பங்களா ஐயா கூப்பிடுகிறார். யாராவது வந்தால் உன் தாலிச் சங்கிலி ஊக்கு ஒன்றைக் கொடுத்தனுப்பு. இங்கே கடையிலும் கிடைக்கும், ஆனாலும் அனுப்பு.

தனபாலன்