பூட்டில்லாத கிளாரினெட்

இன்று காலை ராயபுரத்தில் ஒரு கல்யாண ஊர்வலம் எங்கள் பஸ்ஸை மறித்துக்கொண்டு போனது. பேண்டு செட்டில் ஒருவர் கிளாரினெட் வாசித்தார். எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கியிருப்பாய்.

துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சரக்கு ஆபீசில் நீ டெலிபோன் ஆபரேட்டர், நான் டைப்பிஸ்ட். உனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கிளாரினெட் என்றால் உயிர். வண்ணாரப்பேட்டைக் கடைகளில் கிளாரினெட் கேசட் கேட்டுக் கேட்டு, கிடைக்காமல் அலுத்தோம். பிறகு உன் வீட்டுக்குக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வந்தன. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரலைக் கேட்டுக்கொண்டே, ஏதோ வெளிநாட்டுத் தளத்தில், உன் அண்ணனின் கிரெடிட் கார்டில், வெளிநாட்டுக்காரர் ஒருவர் கிளாரினெட்டில் வாசித்த பன்னிரண்டு பாட்டு வாங்கினாய்.

கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தபோது ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனவள் நான். கடைக்காரர் பாட்டுகளைச் சிடியில் எடுத்து வைத்து, எல்லாவற்றையும் அழித்துச் சரிசெய்து, திரும்ப ஏற்றிக் கொடுத்தார். திருவொற்றியூரில் உன் வீட்டில் ஒன்றைத் தட்டினாய். இசை வரவில்லை. இதை இயக்க உரிமம் இல்லை என்று அந்த இயந்திரக் குரல் ஆங்கிலத்தில் சொன்னது. பன்னிரண்டுக்கும் அதே பதில்.

"இன்னாடி இது? பாட்டு உள்ளதான் கீது, கேக்க உட மாட்டேங்குது?"

எனக்கு உன் முகத்தைப் பார்க்கவே கூசியது. "நானே மறுபடி வாங்கித் தரேன்டி."

"வாங்கினதயே ரெண்டாந்தபா வாங்கறதா? வோணாம். பூட்டு போட்டு சாவிய அவனே வெச்சிகினா, அதுக்குப் பேரு வாடக."

அந்தத் தளத்துக்கு மெயிலுக்கு மேல் மெயில் அனுப்பினாய். கணினியை அழித்தபோது பாட்டுகளின் உரிமமும் சேர்ந்து அழிந்துவிட்டது, போனால் போனதுதான் என்றார்கள். அப்போதும் நீ விடவில்லை. அந்தப் பாட்டுகளை வாசித்தவருக்கே எழுதலாம் என்றாய். நீ தமிழில் சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலமாக்கித் தட்டினேன். சில வாரம் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. புதிதாக வாசித்தவற்றைத் தன் சொந்தப் பக்கத்திலேயே விற்கப்போவதாகவும், அவற்றில் எந்தப் பூட்டும் இருக்காதென்றும் எழுதியிருந்தார்.

நீ குதிக்கவில்லை. அவை விற்பனைக்கு வந்ததும் ஒன்றே ஒன்று வாங்கினாய். சிடியில் ஏற்றி என் வீட்டில் போட்டாய், ஆபீசில் போட்டாய். கடைசியாக அந்த ரிப்பேர் கடைக்கே போய், "அண்ணே, இத்தக் கொஞ்சம் போடேன்" என்றாய். அங்கும் பாடியது. கடைக்காரர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். என் கையை வலிக்கும்படி பிடித்தாய்.

"இப்பதான்டி இது என்னுது."

அதற்குப் பிறகு ஐந்து வருடம்கூட நீ இருக்கவில்லை. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு, உன் அண்ணன் உன் ஹார்ட் டிஸ்க்கை என்னிடம் கொடுத்தார். அதிலிருந்த பூட்டில்லாத பாட்டை இதுவரை நான்கு கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டேன். எங்கேயும் யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. ஊமையாகிப்போன அந்தப் பன்னிரண்டையும் நான் அழிக்கவில்லை.

மாதாமாதம் பணம் கட்டினால் உலகத்துப் பாட்டெல்லாம் கேட்கலாம் என்கிறாள் என் மகள். கட்டாத மாதம் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எனக்குப் பிடித்த பாட்டை விலை கொடுத்து வாங்குகிறேன், இரண்டு இடத்தில் வைக்கிறேன். உன் பிடிவாதம் எனக்குத் தொற்றிவிட்டது. விடுவதாக இல்லை.