நகம் விழுந்ததை எங்கே தேடுவது?

இன்று காலை எதிர்வீட்டு வேலியோரம் புல்லைக் கொல்ல மருந்தடித்தார்கள். நாற்றம் என் சமையலறை வரை வந்தது. கூடவே நினைவில் நீயும் வந்துவிட்டாய்.

கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் உன் அம்மா முதுகில் டின் சுமந்து மருந்தடித்தவர். கை நகங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. வேலைக்கு வராமலிருக்கப் பொய் சொல்கிறாள் என்றார் வருகைக் கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி. ஈப்போவில் நாம் இருவரும் தாதியராக இருந்துகொண்டே பட்டப்படிப்புப் படித்தபோது, உன் ஆய்வேட்டுக்கு அதைத்தான் எடுத்தாய். இதைப் பற்றி முன்பு யாராவது எழுதியதை வெள்ளிக்கிழமைக்குள் காட்டு, இல்லாவிட்டால் தலைப்பை மாற்று என்றார் மேற்பார்வையாளர்.

நூலகத்தில் மருத்துவத் தரவுத்தளத்தைத் திறந்து உட்கார்ந்தோம். நகம் என்று போட்டால் பூஞ்சை வந்தது. தோட்டத் தொழிலாளி என்று போட்டால் மலேரியா வந்தது. "தலைப்ப மாத்திடுடி" என்றேன். முறைத்துவிட்டுக் கோப்பி வாங்கப் போனவள், பாதி வழியில் திரும்பி வந்தாய்.

"நாம நர்சுலா, அதான் ஆஸ்பத்திரிக் கதவையே தட்டிக்கிட்டு இருக்கோம். அம்மா இதுக்கு ஆஸ்பத்திரிக்கே போகலடி. மருந்தடிக்கத்தான் போச்சு."

வேளாண்மைத் தரவுத்தளத்துக்கு மாறினோம். நகத்தை விட்டுவிட்டு அம்மா அடித்த களைமருந்தின் பெயரைப் போட்டோம். களையைக் கொல்வது பற்றிய ஒரு கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், தெளிப்பவர்களுக்கு நகம் கழன்றதாக இரண்டே வரி இருந்தது. நீ அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டாய்.

"அம்மா, ஒன் நகத்தப் பத்தி எழுதியிருக்காங்கம்மா."

"எம் பேரு இருக்கா?"

"பேரு இல்ல. நெறைய பேருக்கு இப்படி ஆயிருக்காம்."

"அப்ப நான் சொன்னது பொய் இல்லலா" என்றார் அம்மா. நீ நூலகம் என்றும் பாராமல் அழுதாய்.

பின்னாளில் உனக்கு நோய் வந்தபோது எங்கே தேடுவது என்ற சந்தேகமே எழவில்லை. மருத்துவத் தரவுத்தளத்தில் குவிந்து கிடந்தது. எல்லாவற்றையும் படித்தேன், எதுவும் உன்னைக் காப்பாற்றவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இப்போது வார்டில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பிள்ளைகள் "தேடிப் பாத்தோம், ஒண்ணும் கிடைக்கலக்கா" என்று வந்து நிற்பார்கள். "இந்தக் கோளாறு வந்தவங்க மொதல்ல எங்க போனாங்க?" என்று கேட்பேன். என்னைப் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை, நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்.

காலையில் மருந்தடித்தவர் வெறுங்கையோடு நின்றார். பாத்திரம் கழுவ வாங்கி வைத்திருந்த புது ரப்பர் கையுறையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். உன் அம்மாவின் நகத்தைப் பற்றிச் சொன்னேன். எழுத்தில் இருக்கிறது, பொய்யில்லை என்றும் சொன்னேன்.