புனலுக்கு மேலே என் சட்டை

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உன் அம்மா அதற்கும் என்னைத்தான் திட்டுவாள். ஒரு மானக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள் போனில் கைகால் வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்வது மேல். உன் அப்பனின் வியர்வையைக் கடல் என்று நம்பி ஒரு படித்த அம்மா மூன்று வாரம் கணக்குப் போட்டுவிட்டார்.

உச்சிக்காட்டில் புனல் வைத்து, மூடுபனி சொட்டுகிற தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கொடுக்கிறேன் அல்லவா, அது எதற்கென்று இருபது வருடமாக நான் கேட்டதில்லை. புதிதாக வந்த டாக்டரம்மாதான், ஊசி போடுகிறவர் இல்லை, மரத்துக்கு டாக்டர், என்னை உட்காரவைத்துச் சொன்னார். அலை உடையும்போது தெறிக்கிற துளி காற்றிலேயே காய்ந்து கண்ணுக்குத் தெரியாத உப்பாகிவிடுமாம், மலைவரை பறந்துவந்து மேகத்தோடு சேர்ந்து இலை இலையாகச் சொட்டுமாம். நம் மண்ணின் சத்தை மழை எப்போதோ கழுவிக்கொண்டு போய்விட்டதாம், இந்தக் காட்டுக்குக் கடலும் சோறு போடுகிறதாம். எனக்கு உன் நினைப்புதான் வந்தது. சின்னதில் பாட்டில் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேகம் எங்கிருந்துப்பா வருது என்று உயிரை எடுப்பாயே, மேலே ஒருத்தர் பீடி பிடிக்கிறார் என்று நானும் அளந்துவிடுவேன், நீ அதையே பள்ளிக்கூடத்தில் சொல்லிக் குட்டு வாங்கி வந்தாய். இப்போது பார், நீ வேலை செய்கிற துறைமுகத்துப் பக்கமிருந்துதான் வருகிறதாம். அன்றைக்கே தெரிந்திருந்தால் உனக்குக் குட்டு மிச்சம்.

போன மாதம் உப்பு நாலு மடங்கு என்று டாக்டரம்மா குதிக்காத குறை, பெரிய ஆட்கள் கூட்டத்தில் பேசப்போவதாகச் சொன்னார். எனக்கு அப்போதுதான் என் சட்டை ஞாபகம் வந்தது. ஏறி வந்த வியர்வையோடு சட்டையைக் கழற்றிப் போன மாதம் முதல் நான் காயப்போடுகிற கிளை, அந்தப் புனலுக்கு நேர் மேலே. சொன்னால் வேலை போகும், முன்பு ஒருத்தர் பாட்டிலை ஓடைத் தண்ணீரில் அலசியதற்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். சொல்லாவிட்டால் அந்தப் பெண் நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்கும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சட்டைக்கு வாய் இருந்தால் இந்நேரம் அதுவே போய்ச் சொல்லியிருக்கும் என்றாள் உன் அம்மா. போனேன், சட்டையையும் எடுத்துக்கொண்டே போனேன். டாக்டரம்மா நோட்டில் மூன்று பக்கத்தைக் கோடு போட்டு அடித்தார், கண் கலங்கியிருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்புறம், வேலையில் இருங்கள், புனலை மட்டும் மர உச்சியில் கட்டுங்கள், உங்கள் சட்டைக்கு எட்டாத உயரத்தில் என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு, என் ஆயுசையும் சேர்த்து இரு. கடற்கரைக்குப் போனால் மலை இருக்கிற திசையைப் பார்த்து ஒரு நிமிஷம் நில், மறக்காதே.

காலையில் புனலை உச்சியில் கட்டி முடித்தேன். ஏணி கீழே விழுந்துவிட்டது. நோட்டும் பேனாவும் சட்டைப்பையில் இருந்தன. அம்மா சோறு கொண்டுவர மதியம் ஒரு மணி ஆகும், இப்போது ஒன்பதரை.

இப்படிக்கு,
மரத்தின் மேலிருந்து அப்பா