இடப்பக்கம் பிடித்த லொறி

மச்சான்,

உன் விளையாட்டு ஸ்டியரிங்கில் இன்னும் தைல மணம் போகவில்லை. நோகும் இடுப்புக்கு, அந்த நாரிக்கு, தேய்த்த கையைக் கழுவாமலே லொறி விளையாட்டுக்கு உட்கார்ந்துவிடுவாய். உன் மனைவி சுகந்தி திட்டுவாள். நேற்று அந்த ஸ்டியரிங்கை உங்கள் சாப்பாட்டு மேசையில் மறுபடி பொருத்தியபோது, குளித்துவிட்டு இப்போது வந்துவிடுவாய் என்றே ஒரு கணம் நினைத்தேன்.

கூப்பிட்டது உன் மகள்தான். ஏழு வயதுக்காரி தொலைபேசியில் கதைத்த கதையைக் கேட்க வேண்டுமே! "மாமா, அப்பாவின்ர லொறி கேமை நீங்களே கொண்டு போங்கோ. எனக்கு ஓட வருகுதில்லை. எந்த நாளும் அடிபடுது." நீ கண்மூடிப் போனபிறகு அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான். அதையும் விட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம் பிடித்தது. கடையைப் பூட்டிவிட்டு, வெள்ளவத்தை நெரிசலில் பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே போனேன்.

கணினி திருத்துகிறவன் வேறு எதற்கு இருக்கிறேன்? விளையாட்டின் செற்றிங்ஸைத் திறந்து எல்லாவற்றையும் இலகுவாக்கினேன். கியர் தானாக விழும். மழை இல்லை. வீதியில் வாகனங்கள் குறைவு. மோதினாலும் லொறி பழுதாகாது, தண்டமும் கிடையாது. "இப்ப ஓடுங்கோ பாப்பம்" என்றேன், பெரிய மனிதத் தோரணையில். புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் எதிரே வந்த எண்ணெய்த் தாங்கி பவுசரோடு நேருக்கு நேர் மோதல்.

அவள் கண் கலங்கிவிட்டது. "நான் சரியாத்தான் ஓடினனான் மாமா. அவங்கள்தான் பிழையான பக்கத்தால வாறாங்கள்!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதல் நாள் நீ செய்ததும் இதுதானே! விளையாட்டில் இருப்பது ஐரோப்பிய வீதி, வலப்பக்கம் ஓட வேண்டும். நீயோ கொழும்புக் காலி வீதியில் போவதுபோல் இடப்பக்கம் பிடித்துக்கொண்டு, வருகிறவனுக்கெல்லாம் ஹோர்ன் அடித்து, "கொஹெத மல்லி யன்னே?", எங்கே தம்பி போகிறாய் என்று சிங்களத்தில் திரையோடு சண்டை பிடித்தாய். "நாள் முழுக்க லொறி ஓடிப்போட்டு, வீட்டிலயும் லொறியோடா?" என்று கேட்டேன். "இதில நாரி நோகாது மச்சான்" என்றாய்.

அவள் உன் லொறியின் முன் இருக்கையில் இருந்து வீதியைப் படித்தவள். வேறெப்படி ஓடுவாள்? மழையை நிறுத்தி, கியரை மாற்றி, இதைக் கவனிக்காத நான்தான் மடையன். விளையாட்டை இங்கிலாந்தில் தொடங்கவைத்தேன். அங்கே எங்களைப் போலவே இடப்பக்கம். உலகம் ஒருவழியாகத் திருந்திவிட்டது என்ற திருப்தியோடு, ஒரு லொறி நிறைய அப்பிளை ஏற்றிக்கொண்டு அவள் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

கடைசியில் லொறியைப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும். அது தானாக நிற்கவும் வழி இருக்கிறது. அதற்கான விசையை அழுத்தப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

"வேண்டாம் மாமா. நீங்கள் பின்னுக்கு நிண்டு தட்டுங்கோ, அப்பாவுக்குத் தட்டுற மாதிரி."

நீ வேலை முடிந்து வந்து நம் தெருவின் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் லொறியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம், நான் பின்னுக்கு நின்று, வரலாம் என்று அதன் பின்பலகையில் தட்டுவேன். நீ கண்ணாடியைக்கூடப் பார்க்கமாட்டாய். "நீ தட்டினா நான் வருவன்" என்பாய். இவள் அதையெல்லாம் பல்கனியில் நின்று பார்த்திருக்கிறாள்.

அவள் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால் போய் நின்று, முதுகுப் பலகையில் தட்டினேன். "வரட்டும், வரட்டும்... கொஞ்சம் வலப்பக்கம் ஒடியுங்கோ... வரட்டும், வரட்டும்... ஆ, போதும்!" சுகந்தி சமையலை விட்டுவிட்டுக் குசினி வாசலில் நின்று சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். லொறி கோட்டுக்குள் அழகாக நின்றது. "ஸ்டியரிங் இங்கயே இருக்கட்டும் மாமா" என்றாள் உன் மகள், நான்தான் தூக்கிக்கொண்டு போக வந்தவன் மாதிரி.

உன்னை நிறையத் தேடுகிறேன், மச்சான். ஒழுங்கையில் எந்த வாகனம் பின்னால் வந்தாலும் என் கை தானாக உயர்ந்துவிடுகிறது. யாருடைய வாகனம் என்று பார்த்துவிட்டு இறக்கிக்கொள்வேன். நாளைக்குக் கடையைக் கொஞ்சம் முன்னமே பூட்டப் போகிறேன். தட்டுவதற்கு வரச் சொல்லியிருக்கிறாள் உன் மகள்.