ஒரு தம்ளர் உப்புக்கரைசல்

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

காலையில் ஒன்பதாம் வகுப்பில் கரைசலின் செறிவைப் பற்றி நடத்தினேன். தெளிவாக இருப்பதை வைத்து, கரைந்திருப்பது கொஞ்சம்தான் என்று நினைக்காதீர்கள் என்றேன்.

மாலையில் என் நாலு வயது மகனுக்கு வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும் ஒரே தம்ளரில் கொட்டிக் கலக்கினேன். அடியில் எதுவும் தங்கவில்லை என்று திருப்தி வேறு.

"நம்கீனா இருக்குப்பா, ஒரே உப்பு, வேணாம்" என்று அழுதான்.

"மருந்துன்னா உப்புக் கரிக்கத்தான் செய்யும். ஜல்தி குடி" என்று அதட்டினேன். பயந்துபோய்ப் பாதி குடித்தான்.

ஆபீஸிலிருந்து வந்த என் மனைவி சுதா பாக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். "ஒரு லிட்டர் தண்ணில கலக்கணும்னு போட்டிருக்கே, படிக்கலையா நீங்க?"

டாக்டரிடம் ஓடினோம். பயமில்லை என்றார். பிள்ளை தூங்குகிறான்.

தம்ளரில் இருந்த மீதியை இப்போது வாயில் ஊற்றிப் பார்த்தேன். என்னால் விழுங்க முடியவில்லை.