பின்சக்கரத்தைத் தூக்க இரண்டு கட்டைகள்

5 செப்டெம்பர் 2009, சனி

என் மோட்டார் சைக்கிளுக்கான ஸ்பூல் தபாலில் வந்துவிட்டது. பார்த்தால் தையல் மெஷின் நூல்கட்டை போலத்தான் இருக்கிறது, நடுவில் ஒரு போல்ட். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் இரு பக்கத்துத் துளைகளிலும் இவற்றை முறுக்கிவிட்டால், வண்டி தூக்கும் ஸ்டாண்டின் கொக்கி இவற்றுக்கு அடியில் மாட்டும். ஸ்டாண்டின் கைப்பிடியை அழுத்தினால் சக்கரம் நிலத்தை விட்டு எழும்புமாம். பிறகு செயினை நானே கழுவி எண்ணெய் போடலாம். இத்தனூண்டு சாமான் அவ்வளவு பாரத்தைத் தூக்குமா? பார்த்துவிட வேண்டும்.

இதுவரை என் கணவர் துஷாந்தன்தான் வண்டியைச் சாய்த்துப் பிடிப்பார். இடுப்பு நோ வந்தபின் அவரால் முடிவதில்லை. விற்றுவிடுவோம் என்கிறார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: "அம்மாவுக்குப் பயம். நீர் விடிய ஷிப்ட்டுக்குப் போனால் வருமட்டும் அவ சாப்பிடுறேல்லை."

அவரின் அம்மா, என் மாமி, வண்டியைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. வாசலில் நின்று பார்ப்பார், அவ்வளவுதான்.

நாங்கள் இருக்கும் செவன் கிங்ஸில் அந்த நேரத்துக்கு ரயில் இல்லை. வண்டி போனால் ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலையும் போகும். வேலை ஒரு பக்கம் கிடக்கட்டும், எனக்கு இந்த வண்டியில் விருப்பம். அதை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை?

6 செப்டெம்பர், ஞாயிறு

போல்ட் ஏறவில்லை. ஒரு சுற்று போகிறது, பிறகு இறுகுகிறது. ஸ்பானர் சாவி போட்டு அழுத்தினேன் — கறகறவென்று சத்தம். விட்டுவிட்டேன். துளைக்குள் இருக்கும் புரி தேய்ஞ்சு போச்சுதோ? நான்தான் கெடுத்துப்போட்டனோ?

ஆனால் மற்றப் பக்கமும் அப்படியே. இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா பழுதாகும்?

வண்டியை வாங்க ஓர் ஆள் இருக்கிறாராம். சனிக்கிழமை வரச் சொல்லவா என்று துஷாந்தன் கேட்டார். நான் போல்டைத் துடைச்சுக்கொண்டிருந்தன்.

9 செப்டெம்பர், புதன்

கடைக்குப் போன் எடுத்தேன். அளவு சரிதானாம்.

11 செப்டெம்பர், வெள்ளி

டோர்ச் அடித்துப் பார்த்தேன். துளைக்குள் மஞ்சளாக ஏதோ இருந்தது. துருவா? அலுமினியம் அப்படித் துருப்பிடிக்காதே. ஊசியால் கிண்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன்.

சந்தனம்.

வண்டி வாங்கிய புதிதில் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்ததோடு சரி. இங்கே யார் வைத்தது? நேரே குசினிக்குப் போய் மாமியிடம் கேட்டேன். அவர் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார்.

"ஓம் பிள்ளை, நான்தான். வெள்ளிக்கிழமையில விளக்கேத்திப்போட்டு வைக்கிறனான். ரெண்டு பக்கமும் வட்டமா இடம் விட்டிருக்கு. பொட்டு வைக்கத்தானே எண்டு நினைச்சன்."

சிரிப்பு வந்தது. பிறகு அழுகையும் வந்தது. அப்படியென்றால் ஏன் பயந்து சாப்பிடாமல் இருக்கிறீர்கள், ஏன் விற்கச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் காயைக் கீழே வைத்தார்.

"நானோ? நான் ஒருநாளும் சொல்லேல்லை. பயம் அவனுக்கு. நீ வருமட்டும் சாப்பிடாமல் இருக்கிறதும் அவன்தான்."

12 செப்டெம்பர், சனி

பழைய பல் தூரிகையும் சுடுதண்ணீரும் போதுமாக இருந்தன. புரி பழுதில்லை! போல்ட் விரலாலேயே ஏறியது. கடைசியில்தான் சாவி தேவைப்பட்டது.

ஸ்டாண்டை அழுத்தும்போது வண்டியை ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். மாமி வந்து பிடித்தார். அழுத்தினேன். எழும்பிவிட்டது, என் ஒரு கையின் பாரத்துக்கே! மாமி சக்கரத்தைத் தட்டிவிட்டார். சுற்றி நின்றதும் மறுபடி தட்டினார். பிறகு மெல்ல, ஒருக்கா ஏறிப் பார்க்கலாமோ என்று கேட்டார். சேலையைச் செருகிக்கொண்டு ஏறி, கண்ணாடியில் முகம் பார்த்தார்.

அந்த நேரம் துஷாந்தன் வந்தார். வண்டி மேல் தாயைக் கண்டு அப்படியே நின்றார். சாப்பிடாமல் இருந்தது நீங்களோ என்று கேட்டேன். என்னிடம் சொல்லியிருக்கலாமே, ஏன் மாமியின் பெயரில் சொன்னீர்கள் என்றேன்.

"சொன்னால் நீர் சிரிப்பீர் எண்டு நினைச்சன்."

நான் சிரிக்கவில்லை. அவர் போனை எடுத்து, வர வேண்டாம் என்று அந்த ஆளிடம் சொன்னார்.

20 செப்டெம்பர், ஞாயிறு

மாமிக்கு ஹெல்மெட் பார்க்கப் போனோம். கொண்டை இடிக்கிறது. அடுத்த முறை பின்னிக்கொண்டு வருவதாக வெள்ளைக்காரக் கடைக்காரரிடம் தமிழிலேயே சொன்னார். துஷாந்தன் அங்கிருந்த ஒவ்வொரு ஹெல்மெட்டையும் எடுத்து, தன் தலையில் போட்டு, பலமாகக் குட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.