தார்ப்பாய்க்கு அந்தப்புறம்

ஆஸ்திரியா
7.7.2025

என் அருமை அப்பா கொளஞ்சியப்பனுக்கு, மொழி எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போனில் தொண்டை கிழியக் கத்தினேன். நீங்கள் எல்லாவற்றுக்கும் "ஆமாம்மா, ஆமாம்மா" என்றீர்கள். "சாப்டீங்களா?" என்றதற்கும் அதே பதில், "எப்ப தூங்குனீங்க?" என்றதற்கும் அதே பதில். அதனால்தான் இந்த ஏற்பாடு. மந்தாரக்குப்பத்தில் புஷ்பவல்லி அக்காவின் ஜெராக்ஸ் கடைக்கு என் கடிதம் மெயிலில் வரும். பெரிய எழுத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுப்பார்கள். நீங்கள் எழுதித் தந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புவார்கள்.

மலைக்கு நடுவில் ஊர். பல தேசத்து ஆராய்ச்சி மாணவர்கள் மூன்று வாரம் ஒன்றாகத் தங்கி, குவாண்டம் தொழில்நுட்பம் படிக்கிறோம். கோடைப் பள்ளி என்று பெயர், ஆனால் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியவில்லை. உருளைக்கிழங்கைத்தான் சோறு என்று தின்கிறார்கள். நெய்வேலியில் என்ன இருக்கிறது என்று அறைத்தோழி கேட்டாள். மண்ணுக்கு அடியில் கரி, மண்ணுக்கு மேலே என் அப்பா என்றேன்.

ஒரே ஒரு ஒளித்துகள் வந்து விழுந்தாலும் கண்டுபிடித்து 'டிக்' என்று சொல்லும் கருவியை இந்த வாரம் காட்டினார்கள். சில சமயம் ஒன்றும் விழாமலே 'டிக்' என்று பொய் சொல்லுமாம். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. காதுச் சோதனைக்கு வந்த வேனில் நீங்கள் செய்ததும் அதுதானே! சத்தம் வைக்கிற அம்மாவின் முழங்கை அசையும்போதெல்லாம் பட்டனை அழுத்துங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு சத்தமும் கேட்காமலே எல்லாவற்றுக்கும் அழுத்தி, தகுதிச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்கள். காது போனவரை கரி ஏற்றும் பெல்ட்டின் சுவிட்சில் உட்காரவைப்பார்களா?

விஷயம் தெரிந்தது நம் இருவருக்கும் செல்வகுமார் அண்ணனுக்கும் மட்டும். பெல்ட்டுக்கு அடியில் கரி வாரிவிட்டு மேலே வந்ததும், உங்கள் எதிரே நின்று துண்டை ஆட்டுகிறாரா? அவர் முகத்தைப் பார்க்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள் அப்பா.

உங்கள் மகள்,
மொழி

மந்தாரக்குப்பம்
10.7.2025

அன்பு மகள் தமிழ்மொழிக்கு அப்பாவின் ஆசி.

உன் கடிதத்தை நான் படிக்கும் முன்பே புஷ்பவல்லி படித்துவிட்டாள். என்னைப் பார்த்து முழங்கையை ஆட்டிச் சிரிக்கிறாள். இனிமேல் தெரிந்தவர் நான்கு பேர் என்று வைத்துக்கொள். வெளியே சொல்ல மாட்டாள், நல்ல பெண்.

போனவள் குளிருக்குக் கம்பளி வாங்கினாயா என்று எழுதவே இல்லை. உருளைக்கிழங்கைப் பற்றி எழுத மட்டும் நேரம் இருக்கிறது.

இங்கே மாலையானால் மழை. சோமசுந்தரம் முதலாளியின் யார்டில் கரி நனைந்தால் லாரிக்காரன் எடுக்க மாட்டான். அதனால் என் சுவிட்ச் அறைக்கும் பெல்ட்டின் கடைசி முனைக்கும் நடுவில் தார்ப்பாய் கட்டிவிட்டார்கள். செல்வகுமார் அடியில் இருப்பது எனக்குத் தெரியவில்லை. "சுவிட்ச் போடறதுக்கு முன்னாடி நீ பெல் அடி பெரிப்பா, நான் அடியில இருந்தா கூவுறேன். கேக்குதான்னுதான் பாப்பமே" என்று கிண்டல் செய்கிறான். போடா என்றேன். ஒவ்வொரு தடவையும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்து முகத்தைக் காட்டிவிட்டுத்தான் போகிறான்.

அவன் அம்மா வீரம்மாள், காடாம்புலியூரில் முந்திரி உடைக்கப் போனவள், ஒரு பலாப்பழம் வாங்கிவந்து கொடுத்தாள். ஒற்றை ஆளுக்கு எதற்கு முழுப்பழம்? பாதியை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அப்பா

மந்தாரக்குப்பம்
14.7.2025

மொழி,

செல்வகுமார் போய்விட்டான். நேற்று சாயங்காலம். பெல்ட்டில்.

மழை. தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். முகத்தைப் பார்த்தேன், துண்டை ஆட்டினான். நான் பெல் அடித்தேன். மண்வெட்டியை விட்டுவிட்டானோ என்னவோ, திரும்ப உள்ளே போயிருக்கிறான். அவன் போனதை நான் பார்க்கவில்லை. லாரிப் பக்கம் திரும்பியிருந்தேன். சுவிட்சைப் போட்டேன்.

பெல்ட் இழுத்து நின்றபோதுதான் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. மற்றவர்களெல்லாம் லாரிகளுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அவனுக்கும் எனக்கும் நடுவில் தார்ப்பாய் மட்டும்தான்.

கூவியிருப்பான். கூவாமல் இருப்பானா?

வெள்ளிக்கிழமை விசாரணை. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு பெல் சத்தம் தெரியாமல் நின்றான் என்று முதலாளி சொல்கிறார். அவன் சட்டைப்பையில் போன் இருந்ததாம். நான் என்ன சொல்வது? எனக்குச் சொல்ல நீதான் இருக்கிறாய்.

அப்பா

ஆஸ்திரியா
15.7.2025

அப்பா,

இரண்டு முறை படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். கருவி 'டிக்' என்றதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். செல்வகுமார் அண்ணன் என்னை சைக்கிளில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர். என்னால் அழக்கூட முடியவில்லை.

ஆனால் நான் சொல்வதைக் கேளுங்கள். காதைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். திறந்தால் சான்றிதழ் பொய் என்று ஆகும். உங்களை ஜெயிலில் வைப்பார்கள். இந்த வயதில் தாங்க மாட்டீர்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்றும் கேட்பார்கள். இல்லை, எனக்காகப் பயந்து சொல்லவில்லை. கொஞ்சம் அதுவும்தான்.

நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். கூவினாரா என்று கேட்டால், எனக்குக் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். அது முழு உண்மை. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். நாம் என்ன சொன்னாலும் அண்ணன் திரும்பி வரப்போவதில்லை.

எனக்கு இருப்பது நீங்கள் மட்டும்தான் அப்பா.

மொழி

மந்தாரக்குப்பம்
19.7.2025

மகளுக்கு,

நீ சொன்னபடியே சொன்னேன். கிட்டத்தில் உட்காரவைத்துத்தான் கேட்டார்கள். வாயைப் பார்த்தே புரிந்துகொண்டேன். பெல் அடித்தீர்களா? அடித்தேன். அவர் சத்தம் போட்டாரா? எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான். சத்தம் போடவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். முதலாளி என் தோளைத் தட்டினார்.

வெளியே வீரம்மாள் நின்றிருந்தாள். எம்புள்ள பாட்டு கேட்டுக்கினு வேல செய்யறவன் இல்ல என்று நாலு நாளாக எல்லோரிடமும் சண்டை போட்டவள். என் முகத்துக்கு நேரே வந்து, "நீங்க சொல்லுங்க மாமா. கூவுனானா?" என்று கேட்டாள்.

கேக்கலம்மா என்றேன்.

"நீங்களே சொன்னா சரிதான் மாமா. பாட்டு கேட்டுக்கினுதான் இருந்திருப்பான், பாவி" என்றாள். அதற்குப் பிறகு யாரிடமும் அவள் சண்டை போடவில்லை.

அப்பா

ஆஸ்திரியா
20.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடவுளே என்று இருக்கிறது. நீங்கள் சரியாகத்தான் செய்தீர்கள். வீரம்மாள் சின்னம்மாவுக்கு நான் வந்து என்னால் ஆனதைச் செய்கிறேன். அந்த வேலையை விட்டுவிடுங்கள். இன்னும் ஆறு மாதம் இங்கேயே இருந்து ஆய்வு செய்யச் சொல்லி என் பேராசிரியர் கேட்டிருக்கிறார். நீங்கள் சரி என்றால்தான் ஒப்புக்கொள்வேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உடனே எழுதுங்கள்.

மொழி

மந்தாரக்குப்பம்
24.7.2025

என் கண்ணு மொழிக்கு,

ஆறு மாதம் இருந்து படி. நல்ல வாய்ப்பு, விடாதே.

முந்தாநாள் வீரம்மாள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குக் காது கேட்காது, உன் பிள்ளைக்கு அது தெரியும், அவன்தான் இத்தனை நாள் என்னைக் காப்பாற்றினான், பாட்டு கேட்டான் என்பது பொய் என்று சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. நான் வாயைப் பார்க்கும்படி மெல்லத்தான் கேட்டாள். "அப்ப எம்புள்ள கூவுனானா, இல்லியா?"

உண்மையைச் சொன்ன பிறகும் அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேற்று விசாரணை அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். வேன் சோதனையில் எப்படித் தேறினாய் என்று கேட்டார். என் மூளைதான் என்றேன். நாளைக்கு போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மாற்று வேட்டியும் மாத்திரையும் எடுத்து வைத்துவிட்டேன்.

இதற்கு நீ பதில் எழுதாதே. எழுதினாலும் எனக்குக் கொடுக்க வேண்டாம் என்று புஷ்பவல்லியிடம் சொல்லிவிட்டேன். உன்மேல் கோபம் இல்லை. நீ ஒன்று சொன்னால் எனக்கு மறுக்கத் தெரியாது, மறுபடியும் கேட்டுவிடுவேன். அதற்காகத்தான்.

குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
கொளஞ்சியப்பன்